பழைய எஞ்சினுக்கு ஏற்ற ஒயில் எது?

மாத்தளை மாவட்டத்தின் இரத்தோட்டையைக் கடந்து றிவர்ஸ்டன் நோக்கி ஏறுகின்ற வீதியில் கொழுந்து ஏற்றும் லொறிகள், தோட்டத்து ட்ரக்டர்கள், மிளகும் ஏலமும் கிராம்பும் சந்தைக்குக் கொண்டுசெல்லும் சிறு வாகனங்கள் எனப் பலவும் நாளாந்தம் ஓடுகின்றன. இவற்றுள் பல, ஒரு தடவையேனும் எஞ்சின் முழுமையாகப் பிரித்துப் பூட்டப்பட்ட பழைய வாகனங்களாகும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி சரிந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறக்கப்பட்ட போதிலும், வரிகளுடன் சேர்ந்த விலை சாதாரண உழைப்பாளியின் கைக்கு எட்டுவதாக இல்லை. எனவே பழைய எஞ்சினைப் புதுப்பித்து ஓடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் புதுப்பிக்கப்படுகின்ற அத்தகைய எஞ்சின், சில வாரங்களிலேயே ‘டிக், டிக்’ என்று ஒலியெழுப்பி, ஏற்றத்தில் இழுவை குன்றி, மீண்டும் கராஜுக்கு வந்து சேருமாயின் அந்தக் குடும்பத்தின் வருமானம் நின்றுவிடுகின்றது. திறந்து பார்த்தால் கேம்ஷாப்டின் மேடுகள் தேய்ந்து மழுங்கியிருக்கும். உரிமையாளர் மெக்கானிக்கைக் குறை கூறுவார். மெக்கானிக் உதிரிப்பாகத்தைக் குறை கூறுவார். கடைக்காரரோ ஒயிலைக் கைகாட்டுவார். தரங்குறைந்த உதிரிப்பாகமும் பிழையான பொருத்துதலும் இதற்குக் காரணமாகலாம் என்பது உண்மையே. ஆயினும், எவரும் போதிய கவனஞ் செலுத்தாத இரண்டு விடயங்கள் உள்ளன. ஒன்று, ஒயிலின் வகை. மற்றையது, எஞ்சின் முதன்முதலாக இயங்கும் அரை மணித்தியாலம்.

கேம்ஷாப்ட் என்பது வால்வுகளைத் திறந்து மூடச் செய்யும் தண்டு. கிராங்ஷாப்ட் இரு தடவை சுழலும்போது இது ஒரு தடவை சுழலும். இதிலுள்ள முட்டை வடிவ மேடு ஒவ்வொன்றும் டப்பட் எனப்படும் சிறு உருளையைத் தள்ளி, வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தை வென்று வால்வைத் திறக்கின்றது. மொறிஸ் மைனர் கார், பேர்க்கின்ஸ் எஞ்சின் பூட்டிய பழைய மெசி பெர்குசன் ட்ரக்டர், பழைய ஐசுசு டீசல் லொறிகள் பல ஆகியவற்றில் டப்பட்டின் அடிப்பாகம் தட்டையாக இருக்கும். அது மேட்டின் மீது வழுக்கியவாறே தானும் மெல்லச் சுழல வேண்டும். சுழற்சி நின்றுவிட்டால் ஒரே இடம் தொடர்ந்து உராயும்; மேற்பரப்பிலுள்ள கடினமான மெல்லிய படை போய்விடும்; அதன்பின் மேடு விரைவாகக் கரைந்துவிடும்.

மேடும் டப்பட்டும் தொடும் இடம் மிகச் சிறியது. அழுத்தமோ மிகப் பெரியது. அங்கே ஒயிலின் தடிப்பு மாத்திரம் போதுமான பாதுகாப்பைத் தந்துவிடாது. இதற்காகவே 1940களிலிருந்து நாகமும் (துத்தநாகம்) பொஸ்பரசும் அடங்கிய, ‘இசட்.டி.டி.பி.’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சேர்மானம் எஞ்சின் ஒயிலில் கலக்கப்பட்டு வருகின்றது. வெப்பமும் அழுத்தமும் கூடும் இடத்தில் இது உலோகத்தின் மீது ஒரு காப்புப் படையை உண்டாக்கி, இரும்பும் இரும்பும் நேரே உரசாமல் தடுக்கின்றது.

ஆனால் இதே பொஸ்பரஸ், புதிய பெற்றோல் வாகனங்களின் புகைபோக்கியில் உள்ள வினையூக்கி மாற்றியைக் காலப்போக்கில் பழுதாக்குகின்றது. எனவே சுற்றாடல் நலன் கருதி அதன் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் (ஏ.பி.ஐ.) தர வகைகளில் 2001இல் வந்த எஸ்.எல். வகையின் மென்மையான ஒயில்களுக்கு 0.10 சதவீதமாக இருந்த பொஸ்பரஸ் உச்சவரம்பு, 2004இல் வந்த எஸ்.எம். வகையில் 0.08 சதவீதமாகியது. அக்காலப்பகுதியிலேயே, பழைய எஞ்சின்களைப் புதுப்பிப்போர் மத்தியில் கேம்ஷாப்ட் தேய்வு பற்றிய முறைப்பாடுகள் அமெரிக்காவில் பெரிதாக எழுந்தன. புதிய ஒயில் தரத்தில் தாழ்ந்தது என்பதல்ல இதன் பொருள். அது வேறு எஞ்சினுக்காக ஆக்கப்பட்டது என்பதே பொருள்.

ஆகவே, ‘ஆகப் புதிய வகை, ஆக விலை கூடியது, ஆகவே நல்லது’ என்ற எண்ணம் பழைய எஞ்சினுக்குப் பொருந்தாது. மேற்கூறிய வரம்பு 5 டபிள்யூ 30, 10 டபிள்யூ 30 போன்ற மென்மையான ஒயில்களுக்கே உரியது. 15 டபிள்யூ 40, 20 டபிள்யூ 50 போன்றவற்றை அது கட்டுப்படுத்துவதில்லை. எனினும், தடிப்பை மட்டும் பார்த்து முடிவெடுத்தலும் தவறாகும். உற்பத்தியாளர் வெளியிடும் தரவுத்தாளில் பொஸ்பரஸ் ஏறத்தாழ 0.10 முதல் 0.12 சதவீதம் வரை உள்ளதா எனக் கேட்டறிதல் வேண்டும். அதிகமானால் மேலும் நல்லது என்று எண்ணி, போத்தலில் விற்கப்படும் சேர்மானங்களை அளவின்றி ஊற்றுவதும் ஆபத்தானது. அளவு மிஞ்சினால் உலோகம் அரிக்கப்படவும் கூடும்.

டீசல் வாகனங்களுக்கு ஒயில் கலனில் ‘சி’ எனத் தொடங்கும் வகை எழுத்தைப் பார்க்க வேண்டும். 2002இல் அறிமுகமான சி.ஐ.-4 வகையின் 15 டபிள்யூ 40 ஒயில் பழைய டீசல் எஞ்சின்கள் பலவற்றுக்கு ஏற்றதாகும். தேய்வுக் காப்புடன், எரிபொருளிலுள்ள கந்தகத்தால் உண்டாகும் அமிலத்தை முறிக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. நம் நாட்டின் ஒட்டோ டீசலில் சூப்பர் டீசலை விடக் கந்தகம் அதிகம் என்பதால் இது கருதத்தக்கது. 2006இல் வந்த சி.ஜே.-4, 2016இல் வந்த சி.கே.-4 ஆகியன கந்தகம் மிகக் குறைந்த டீசலையும் புகைவடிகட்டி கொண்ட எஞ்சின்களையும் முதன்மையாகக் கருத்திற்கொண்டு ஆக்கப்பட்டவை.

அதேவேளை, இந்த அறிவுரை எல்லா வாகனங்களுக்கும் பொருந்தாது. உருளும் சில்லுடைய டப்பட் கொண்ட எஞ்சினுக்கு இந்த அளவு நாகம் தேவைப்படாது. வினையூக்கி மாற்றி உள்ள புதிய காருக்கு அதன் கைநூல் கூறும் ஒயிலே உரியது. கிளச் ஒயிலுக்குள்ளேயே இயங்கும் நான்கு வீச்சு முச்சக்கர வண்டிகளுக்கு ‘ஜாசோ எம்.ஏ.’ எனக் குறிக்கப்பட்ட ஒயில் வேண்டும். கார் ஒயிலை ஊற்றினால் கிளச் வழுக்க நேரிடலாம்.

சரியான ஒயிலை வாங்கினாலும் முதல் அரை மணித்தியாலம் பிழைத்தால் பயனில்லை. புதிய கேம்ஷாப்டுடன் பழைய டப்பட்டைப் பூட்டக் கூடாது. பூட்டும்போது மேடுகளிலும் டப்பட்டின் அடியிலும் இதற்கென உள்ள பசையைப் பூச வேண்டும். ஒயில் பம்பை முன்கூட்டியே நிரப்பி, வால்வு இடைவெளியைச் சரிசெய்து, ஸ்டார்ட்டரை நீண்டநேரம் சுழற்றாமல் எஞ்சின் உடனே இயங்குமாறு யாவற்றையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். தட்டையான டப்பட் கொண்ட பெற்றோல் எஞ்சினாயின், இயங்கியவுடன் நிமிடத்துக்கு 1500 முதல் 2500 சுற்றுகள் வரை வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் 20 தொடக்கம் 30 நிமிடங்கள் ஓட விடுவதே வழக்கமான முறை. ஐட்லிங்கில் விடுவது கூடாது. மெதுவாக ஓடும்போது கிராங்ஷாப்ட் வீசியெறியும் ஒயில் மேடுகளைப் போதியளவு சென்றடையாது. இடையில் கோளாறு தென்பட்டால் எஞ்சினை நிறுத்திச் சரிசெய்த பின் தொடரலாம். டீசல் எஞ்சினுக்கு அதன் உற்பத்தியாளர் கூறும் முறையைப் பின்பற்ற வேண்டும்.

இதன்பின் முதல் ஒயிலையும் பில்டரையும் விரைவில் மாற்றுவது அவசியம். முதல் ஓட்டத்தில் கழன்ற நுண்ணிய உலோகத் துகள்கள் அதிலேயே தங்கியிருக்கும். சில ஆயிரம் ரூபாவை மிச்சம் பிடிப்பதற்காக அந்த ஒயிலையே தொடர்ந்து பாவித்தால், பல இலட்சத்துக்கு விலையாகிய வேலை வீணாகிவிடக் கூடும்.

உரிமையாளரிடமும் மெக்கானிக்கிடமும் மட்டும் பொறுப்பைச் சுமத்திவிட முடியாது. ஒயில் கலனில் உள்ள எழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. அவை எதைக் குறிக்கின்றன என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எளிதாக விளக்குமாறு விற்பனையாளர்களைப் பணிப்பது அதிகாரிகளின் கடமையாகும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இதில் அக்கறை காட்ட வேண்டும். போலி முத்திரையுடன் கலப்பட ஒயில் விற்போர் மீதான நடவடிக்கையும் தலைநகரோடு நின்றுவிடாது மலையகத்தின் சிறு நகரங்களையும் எட்ட வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகனத் துறையைப் பயிலும் இளைஞர்களுக்கு, ஒயிலின் வகை எழுத்தை வாசிக்கவும் முதல் ஓட்டத்தை முறையாக நடத்தவும் தாய்மொழியிலேயே கற்பிக்கப்பட வேண்டும்.

மலைவீதியில் ஏறும் ஒரு பழைய லொறியை நம்பி ஒரு குடும்பமே இருக்கின்றது. எஞ்சினைக் கையளிப்பதற்கு முன்னர், எந்த ஒயில் ஊற்றப்படுகின்றது என்றும் முதல் ஓட்டம் எவ்வாறு நடத்தப்படும் என்றும் உரிமையாளர் கேட்க வேண்டும். அக்கேள்விக்கு மெக்கானிக் பொறுமையுடன் விடை கூற வேண்டும். கேட்பதற்குச் செலவேதும் இல்லை. கேளாமல் விட்டால் வரும் செலவைத் தாங்க இன்றைய நிலையில் எவராலும் இயலாது என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.