கணினிக்குள் ஒரு கணினி
திருப்பதியிலோ சித்தூரிலோ விண்டோஸ் மடிக்கணினி வைத்திருக்கும் மாணவர் ஒருவர், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007இல் வெளியிட்ட ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தை, விண்டோஸை அழிக்காமலேயே நிறுவிப் பார்க்கலாம். அதற்கு வழி, மென்பொருளால் ஆன கணினியாகிய மெய்நிகர் இயந்திரம். விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருளில் 4 ஜிபி நினைவகமும் 25 ஜிபி வட்டும் ஒதுக்கி, நிறுவல் தகட்டின் நகலான ஐஎஸ்ஓ கோப்பை இணைத்து இயக்கினால், வட்டு முழுவதையும் அழிக்கலாமா என்ற கேள்வி ஒரு கட்டத்தில் திரையில் வரும். பதற வேண்டியதில்லை, அழியப்போவது வட்டாக வேடமிட்ட ஒரு கோப்பின் உள்ளடக்கம்தான். பலர் தடுக்கி விழுவது வேறிடத்தில்: கணினி தொடங்கும்போது இயங்கும் பயாஸ் அமைப்பில் மெய்நிகராக்க வசதி அணைந்திருந்தால் இயந்திரம் கிளம்பாது, கிளம்பினாலும் ஆமையாய் நகரும். நிறுவியபின் விசைப்பலகை அமைப்பில் தமிழையும் தெலுங்கையும் சேர்த்துக்கொண்டால், வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் சித்தூர்ப் பிள்ளைகள் இரண்டையும் ஒரே ஆவணத்தில் தட்டச்சு செய்யலாம்.