எஸ்பிரெசோ மெஷின் வாங்கப் போகிறீர்களா?

கல்யாண உடுப்பு எடுக்க வருகின்றவர்களுக்குச் சோடா உடைத்துக் கொடுப்பது எமது புடைவைக் கடைகளில் நீண்டகால வழக்கம். புத்தளத்தில் கடை வைத்திருக்கும் எனது மச்சான் ஒருவர் இந்த வழக்கத்தைக் கொஞ்சம் நாகரிகமாக்கலாம் என்று நினைத்து, வீட்டுப் பாவனைக்கான சிறிய எஸ்பிரெசோ மெஷின் ஒன்றை வாங்கிக் காசு மேசைக்குப் பின்னால் வைத்தார். முதல் சில மாதங்கள் அதுவே கடையின் பேச்சாக இருந்தது. ஏழாவது மாதம் தண்ணீர் வருவது நின்றுவிட்டது. விற்ற இடத்துக்குக் கொண்டு போனபோது, உள்ளே சுண்ணாம்பு கட்டியிருக்கிறது, போதாததற்குக் கடையில் வைத்துப் பாவித்திருக்கிறீர்கள், ஆகவே உத்தரவாதம் செல்லாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

"மச்சான், இந்தக் காசுக்கு ஒரு வருஷம் சோடா கொடுத்திருக்கலாம்" என்று அவர் என்னிடம் சொன்னபோது எனக்கும் விற்றவர்கள் மீது கோபந்தான் வந்தது. பிறகு மெஷினுடன் வந்த சிறிய புத்தகத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். வீட்டுப் பாவனைக்கு மாத்திரம் என்பதும், குறித்த காலத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பு நீக்க வேண்டும் என்பதும் அதில் அச்சிடப்பட்டிருந்தன. விற்றவர் வாயால் சொல்லவில்லை, வாங்கியவர் படிக்கவில்லை. இப்படியான மெஷின்கள் இன்று பல கடைகளிலும் வீடுகளிலும் இருப்பதால், இந்த வாரம் அதைப் பற்றியே எழுதலாம் என்று நினைத்தேன்.

கோப்பி எமக்குப் புதிதல்ல. கோப்பிக் கடைகளில் அடிபடும் 'மொக்கா' என்ற சொல்லே யெமன் நாட்டின் முகா துறைமுகத்தின் பெயர்தான். எமது நாட்டிலும் 1869 இல் இலை நோய் வந்து தோட்டங்களை அழிக்கும் வரை கோப்பியே பிரதான பயிராக இருந்தது. தேயிலை அதன் இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான். ஆனால் எஸ்பிரெசோ என்பது இத்தாலிக்காரர்களின் வேலை. மிலான் நகரத்தைச் சேர்ந்த லுய்ஜி பெட்செரா 1901 இல் அதற்கான இயந்திரத்துக்குக் காப்புரிமை எடுத்தார். அது நீராவியின் வலுவில் இயங்கியது. இன்று நாம் காணும் பொன்னிற நுரை அதில் கிடைக்கவில்லை. அதே நகரத்தின் அகில்லே காஜியா, நெம்புகோலால் அழுத்தம் கொடுக்கும் முறையை இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னர் சந்தைக்குக் கொண்டு வந்தபோதுதான் அந்த நுரை பிறந்தது.

எனவே எஸ்பிரெசோவின் உயிர் அழுத்தத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில், 90 பாகை செல்சியசுக்கு அண்மித்த சூட்டில், தண்ணீர் கோப்பித் தூளுக்குள்ளால் 25 முதல் 30 செக்கன்களில் இறங்க வேண்டும். இரட்டைக் கோப்பைக்கு 18 கிராம் தூள் போட்டால் 36 கிராம் அளவில் கோப்பி இறங்குவது பொதுவான கணக்கு. மலிவு மெஷின்களின் பெட்டியில் '15 பார்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது பம்பினால் தரக்கூடிய உச்ச அளவு மாத்திரமே. கோப்பிக்குத் தேவை 9 தான். '20 பார்' என்று எழுதியிருப்பதற்காக எவரும் மேலதிகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

விலையின் இரகசியம் வேறிடத்தில் இருக்கிறது. கடைகளுக்கான பெரிய மெஷின்களில் மோட்டாரினால் சுழலும் பம்பும், பல லீற்றர் கொள்ளும் கொதிகலனும் இருக்கும். வீட்டு மெஷினில் இருப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் அதிர்வுப் பம்ப். அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் லேபலைப் பார்த்தால், இரண்டு நிமிடம் ஓடினால் ஒரு நிமிடம் ஓய்வு என்ற கருத்தில் குறிப்பிட்டிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். ஒரு நாளைக்கு நூறு கோப்பை விற்கலாம் என்று யாராவது அதை வாங்கினால், முச்சக்கர வண்டியில் சீமெந்து ஏற்றிய கதைதான். பத்துப் பதினைந்து கோப்பைக்கு மேல் போகிறதென்றால் அது எமக்குரிய மெஷின் அல்ல என்பது எனது அபிப்பிராயம்.

தூளில் செய்யும் தவறு

வீட்டில் இருக்கும் கோப்பித் தூளை அப்படியே மெஷினில் போடுவது பலரும் செய்யும் முதல் தவறு. எமது தூள் மாவு போல அரைத்தது. சில வீடுகளில் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் சேர்ந்திருக்கும். வெந்நீரில் கலக்கிக் குடிப்பதற்கு அதற்கு நிகரில்லை. மெஷினில் போட்டால் தண்ணீர் இறங்காமல் பம்ப் முக்கும். வாசனைச் சரக்கின் தூள் சல்லடைத் துளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். எஸ்பிரெசோவுக்கென்று அரைத்த தூளை விரல்களுக்கிடையில் தேய்த்தால் மெல்லிய மணல் போன்ற உணர்வு இருக்க வேண்டும்.

மலிவு மெஷினுடன் வரும் வடிகிண்ணம் பெரும்பாலும் இரட்டைச் சுவர் கொண்டது. உள்ளே பல துளைகள் இருந்தாலும் வெளிச் சுவரில் ஊசிமுனை போல ஒரே ஒரு துளைதான் இருக்கும். தூள் எப்படி இருந்தாலும் அழுத்தத்தை அந்தத் துளையே உண்டாக்கி நுரையைக் காட்டிவிடும். கடையில் வாங்கிய தூளைப் பாவிப்பவருக்கு இது பெரிய உதவி. ஆனால் அந்த ஒற்றைத் துளை அடைபட்டால் மெஷின் பழுது என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். கிண்ணத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மெல்லிய ஊசியால் துளையைத் திறந்தாலே போதும். காசில்லாத ரிப்பேர்!

நல்ல ருசி வேண்டுமென்றால் ஒற்றைச் சுவர்க் கிண்ணமும் நல்லதொரு அரைக்கும் கருவியும் வேண்டும். மசாலா அரைக்கும் கிரைண்டரின் கத்தி, கொட்டையை ஒரே சீராக அரைப்பதில்லை. பல் சக்கரம் வைத்த கைக் கிரைண்டர் நேரம் எடுத்தாலும் வேலையைச் சரியாகச் செய்யும். கையில் இருக்கும் காசை மெஷினுக்கும் கிரைண்டருக்கும் பகிர்ந்து செலவழிப்பதே புத்தி. கோப்பி சரசரவென்று பத்துச் செக்கன்களில் இறங்கிப் புளித்தால் இன்னும் சன்னமாக அரையுங்கள். சொட்டுச் சொட்டாக விழுந்து கசந்தால் சற்றுப் பரும்படியாக அரையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரமே மாற்றிப் பார்க்க வேண்டும். கொட்டைக்கு வெளிநாடு பார்க்கத் தேவையில்லை. எமது மலைநாட்டுக் கோப்பியே நன்றாக இருக்கிறது. ஆனால் வறுத்த திகதி தெரிந்து, சிறிது சிறிதாக வாங்க வேண்டும்.

மச்சானின் மெஷினைக் கொன்றது தண்ணீர்

புத்தளத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சுண்ணாம்புக் கல் பூமி அது. யாழ்ப்பாணமும் அப்படித்தான், அநுராதபுரம், பொலனறுவைப் பகுதிக் கிணறுகளிலும் கனத்த தண்ணீர் உண்டு. களனி ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும் கொழும்புக்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு. உங்கள் தண்ணீர் எப்படி என்று அறிய வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள். அங்கே வெள்ளையாகப் படிந்திருப்பது எதுவோ அதுவே மெஷினுக்குள்ளும் படிகிறது. கேத்தலின் வாய் அகலம், சுரண்டிவிடலாம். மெஷினுக்குள் தண்ணீர் ஓடும் வழியோ மிகவும் ஒடுக்கமானது. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு சூடேறும்போது கல்லாக மாறி அந்த வழியை அடைக்கிறது.

கனத்த தண்ணீர் உள்ள ஊர்களில் மாதம் ஒரு முறையும், மற்ற இடங்களில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் சுண்ணாம்பு நீக்குவது நல்லது. மெஷினின் கம்பனி சொல்லும் மருந்து இருந்தால் அதையே பாவியுங்கள். பலர் ஒரு லீற்றர் தண்ணீரில் 20 கிராம் அளவில் சித்திரிக் அமிலத்தைக் கரைத்து விடுகிறார்கள். அதுவும் வேலை செய்யும். ஆனால் உள்ளே அலுமினியம் உள்ள மெஷின்கள் சிலவற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாது என்பதால் முதலில் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். பாதியை ஓடவிட்டு, கால் மணித்தியாலம் அளவில் நிறுத்தி வைத்து, மீதியை நீராவிக் குழாயாலும் விட்டு, பிறகு இரண்டு தாங்கி நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். வினாகிரி ஊற்றலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். அதன் வாடை போக ஒரு கிழமை எடுக்கும், றப்பருக்கும் நல்லதல்ல. அதேபோல உப்புகளை முற்றாக நீக்கிய தண்ணீரிலும் கோப்பி ருசிக்காது, உலோகமும் அரிக்கும். வடிகட்டிய, உப்புக் குறைந்த தண்ணீரே பொருத்தமானது.

அன்றாட வேலை இரண்டு நிமிடம்கூட எடுக்காது. பால் சூடாக்கிய உடனே நீராவிக் குழாயை ஈரத் துணியால் துடைத்து, ஒரு தடவை நீராவியை வெளியே விட வேண்டும். தவறினால் குழாய் குளிரும்போது பாலை உள்ளே இழுத்துக்கொள்ளும், நாளைக்கு அது கல். கடைசிக் கோப்பைக்குப் பிறகு தூள் போடாமல் சிறிது தண்ணீரை ஓடவிட்டால் மேலே உள்ள சல்லடை சுத்தமாகும். கைப்பிடியை இரவு முழுவதும் இறுக்கிப் பூட்டி வைத்தால் றப்பர் வோஷர் சீக்கிரம் நசுங்கும். கோப்பி ஓரத்தால் கசிய ஆரம்பித்தால் மாற்ற வேண்டியது அந்த வோஷரைத்தான். மெஷினுடைய பாகங்களில் விலை குறைந்தவற்றில் அதுவும் ஒன்று.

ஓர் எச்சரிக்கை. விலை கூடிய மெஷின்களில் கோப்பி இறங்கிய பின் மிஞ்சும் அழுத்தத்தை வெளியேற்ற ஒரு வால்வு இருக்கும். மலிவானவற்றில் பெரும்பாலும் இராது. கோப்பி இறங்கிய கையோடு கைப்பிடியைக் கழற்றினால் கொதிக்கும் தூள் முகத்தில் தெறிக்கும். அரை நிமிடமாவது பொறுத்துக் கழற்றுங்கள். வேலைக்கு நிற்கும் பொடியனிடமும் இதைச் சொல்லி வையுங்கள். அந்த வால்வு இல்லாத மெஷினில், அடைப்பான் போட்டுப் பின்னோக்கிக் கழுவும் வேலையையும் செய்யக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் கொண்டு வந்து தரும் மெஷின் என்றால், செருகுவதற்கு முன் லேபலைப் படியுங்கள். எமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்காவின் 120 வோல்ட் மெஷினை நேரே செருகினால் அத்துடன் கதை முடிந்தது. சவூதியில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். அதிர்வுப் பம்ப் மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கு ஏற்பவே இயங்குவதால், 60 ஹேர்ட்சுக்கு மாத்திரம் செய்த மெஷின் இங்கே சரியாக வேலை செய்யாது. '50/60' என்று எழுதியிருந்தால் பயமில்லை.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ கொட்டையில் 18 கிராம் வீதம் 55 இரட்டைக் கோப்பைகள் வரும்; அளவு சரிபார்க்கும்போது வீணாவதைக் கழித்தால் ஐம்பது என்று வையுங்கள். கிலோ 6,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் கோப்பைக்கு 120 ரூபா. மெஷின் 75,000 ரூபா என்றும், நாளைக்கு ஐந்து கோப்பை, மாதம் 25 நாள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் உழைத்தால் 3,000 கோப்பை, ஒன்றுக்கு மெஷின் செலவு 25 ரூபா. அதே மெஷின் ஏழு மாதத்தில் நின்றுவிட்டால் 875 கோப்பைதான்; ஒன்றுக்கு 86 ரூபா அளவில் வந்துவிடும். மாதம் ஒரு தடவை அரை மணித்தியாலம் செலவழிக்காததன் விலை இந்த 61 ரூபா. உதிரிப்பாகங்களையும் இப்போதே விசாரித்து வையுங்கள். 2022 இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது சின்னச் சாமானுக்குக்கூட மாதக் கணக்கில் அலைந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மச்சானின் மெஷினை மருதானையில் ஒரு தம்பி கழற்றிப் பார்த்தார். பம்புக்கு ஒன்றுமில்லை, சூடாக்கும் பகுதியும் ஒரு குழாயுந்தான் அடைபட்டிருந்தன. இரண்டு நாள் மருந்தில் ஊறவைத்து, வோஷரையும் மாற்றிக் கொடுத்தார். இப்போது அது கடையில் இல்லை, வீட்டில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கலண்டரைத் தொங்கவிட்டு, சுண்ணாம்பு நீக்கும் திகதிகளை மச்சானின் மகள் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருக்கிறாள். கடைக்கு வருகின்றவர்களுக்கு மறுபடியும் சோடாதான்.