வயிற்று ஜன்னல் வழியே குடியைப் பார்த்தவர் தெரியுமா?

ஒரு மனிதனின் இரைப்பைக்கு ஜன்னல் இருந்தது தெரியுமா? விளையாட்டில்லை! 1822 ஜூன் 6. அமெரிக்காவின் மக்கினா தீவில் ஒரு கடையில் துப்பாக்கி தவறி வெடித்து, அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் வயிறு கிழிந்தது. ஆள் பிழைத்தார், ஓட்டை மட்டும் மூடவே இல்லை. ராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட் விடுவாரா? நூலில் இறைச்சித் துண்டைக் கட்டி உள்ளே இறக்குவதும், கிணற்று வாளிபோல வெளியே இழுப்பதுமாக ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1833இல் வந்த அவர் புத்தகத்தில்தான் அந்தச் சங்கதி இருக்கிறது: மார்ட்டின் எட்டுப் பத்து நாள் தொடர்ந்து குடித்திருக்கிறார். உள்ளே எட்டிப் பார்த்தால் இரைப்பைச் சுவர் செக்கச்செவேல், புண், ரத்தக் கசிவு வேறு! ஆளைக் கேட்டால், வலியே இல்லையாம், பசியும் நன்றாக எடுக்கிறதாம்!

வலிக்கவில்லை என்றால் ஒன்றுமில்லை என்பவர்கள் இதை இரண்டு தரம் படிக்கலாம்.

அப்படி இரைப்பைக்குள் போவது எவ்வளவு? 180 மில்லி, 42.8 சதவீதம் என்று லேபிளில் போட்டிருக்கும் ஒரு குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம் தெரியுமா?

இரைப்பைப் புண்ணைவிடப் பயங்கரம், குடியால் கெடும் கணையம்! சோற்றைச் செரிக்க வைத்திருக்கும் நொதிகளாலேயே அது தன்னைத்தானே தின்னத் தொடங்கிவிடும். மேல்வயிற்றில் பிடிக்கும் வலி முதுகுக்குப் பாயும். மல்லாந்து படுக்க முடியாது. தலையணையை அணைத்து முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. வீட்டிலோ, ‘கேஸ்தான், ஒரு சோடா குடி’ என்பார்கள். சோடாவுக்கு அடங்குகிற வலியா அது? மாரடைப்பும் இதே ‘கேஸ்’ வேஷத்தில் வரும்.

குடித்துவிட்டு ஓங்கரித்து ஓங்கரித்து வாந்தி எடுத்தே உணவுக்குழாய் கிழியுமா? கிழியும்! பாஸ்டனில் மல்லோரி, வைஸ் என்ற இரு மருத்துவர்கள் 1929இல் இப்படி 15 பேரைப் பற்றி எழுதினார்கள். இன்றும் அந்தக் கிழிசலுக்கு அவர்கள் பெயர்தான்.

கள்ளச்சாராயத்தில் கலந்திருக்கும் மெத்தனால் என்ற நச்சு குடித்த உடனே கொல்வதில்லை, தெரியுமா? ஈரல் அதை மெதுவாக ஃபார்மிக் அமிலமாக்கும். சில மணி நேரம், ஏன், ஒரு நாள்கூடக் கழித்து வயிற்றுவலி, வாந்தி, கண்மங்கல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆகவே ரத்தவாந்தி, காப்பித்தூள் போன்ற வாந்தி, தார் மாதிரி கறுத்த மலம், பலகைபோல இறுகிய வயிறு, மங்கும் பார்வை, மயக்கம், நெஞ்சுவலி, முதுகுக்குப் பாயும் வலி: இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். கண் மஞ்சளித்தாலும், குடிக்கும்போதெல்லாம் வயிறு வலித்தாலும் அந்த வாரமே டாக்டர். நடுவில் நீங்களாக வலி மாத்திரை போடாதீர்கள். புரூஃபென் வகை மாத்திரை இரைப்பைப் புண்ணைக் கிளறிவிடும்.

டாக்டர் ‘எவ்வளவு குடிப்பீங்க?’ என்று கேட்டதும், பக்கத்தில் மனைவி நிற்பதால் ‘எப்பவாவது ஒரு பீர் சார்’ என்று இழுக்கிறோமே! அவர் கேட்பது திட்டுவதற்கல்ல. தினம் குடிப்பவர் ஆஸ்பத்திரியில் படுத்து குடி சட்டென்று நின்றால், இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், மனக்குழப்பம், வலிப்புகூட வரலாம். அதை முன்கூட்டியே தடுக்க மருந்து உண்டு. எவ்வளவு குடிப்பீர்கள் என்று தெரிந்தால்தான் அதைக் கொடுப்பார்கள்.