குரு இல்லாத ஊரில் ஒலித்த நற்செய்தி



உரோமைத் திருச்சபைக்கு எழுதிய திருமடலின் 10ஆம் அதிகாரத்தில் புனித பவுல் மீட்பின் வழியைப் படிப்படியாக விளக்குகிறார். ஆண்டவரை மன்றாடுபவர் மீட்புப் பெறுவார். மன்றாடுவதற்கு நம்பிக்கை வேண்டும்; நம்புவதற்குச் செவிமடுத்திருத்தல் வேண்டும்; செவிமடுப்பதற்கு ஒருவர் எடுத்துரைத்தல் வேண்டும்; எடுத்துரைப்பவரோ அனுப்பப்பட்டவராக இருத்தல் வேண்டும் என்பது அவரது போதனையின் சாரம். விண்ணகத்திலிருந்து புறப்படும் மீட்பு, மனித நாவின் வழியாகவும் மனிதச் செவியின் வழியாகவுமே நம் உள்ளத்தை வந்தடைகிறது.

அவ்வாறாயின், எடுத்துரைப்பவரே இல்லாத ஊரில் மீட்பின் எதிர்நோக்கு என்னவாகும்? இக்கேள்வி வெறும் கற்பனையன்று. நம் மூதாதையர் ஒரு தலைமுறைக் காலம் இதனை வாழ்ந்து பார்த்தவர்கள்.

மௌனமாக்கப்பட்ட மறையுரை மேடை

1658ஆம் ஆண்டு மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. கத்தோலிக்கக் குருக்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஆலயங்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்கு உரியவையாக்கப்பட்டன. குரு ஒருவருக்கு அடைக்கலம் அளிப்பதும் கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. நேற்றுவரை திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்ட பீடங்கள் வெறுமையாயின. மறையுரை மேடைகள் மௌனமாயின.

அந்நாட்களில் எம் முன்னோர் செய்தது என்ன? மாந்தையில் வணங்கப்பட்டு வந்த அன்னையின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு, 1670ஆம் ஆண்டளவில் 20 கத்தோலிக்கக் குடும்பங்கள் காட்டு வழியே மருதமடுவை நோக்கி நடந்தன என்று மடுத்திருப்பதியின் மரபு கூறுகிறது. அவர்களுடைய மூட்டைகளில் பொன்னும் பொருளும் எவ்வளவு இருந்தனவோ நாம் அறியோம். ஆனால், அவர்களுடைய நாவில் மனனம் செய்த மன்றாட்டுக்களும் விரல்களில் செபமாலையும் இருந்தன. குரு இல்லாத வேளையில் தந்தை தன் பிள்ளைக்குச் சிலுவை அடையாளத்தைக் கற்றுக்கொடுத்தார். தாய் செபமாலை மறையுண்மைகளைச் சொல்லிக்கொடுத்து, ஆண்டவரின் பிறப்பையும் பாடுகளையும் உயிர்ப்பையும் எடுத்துரைத்தாள். குடும்பம் திருச்சபையாயிற்று, திண்ணை மறையுரை மேடையாயிற்று.

வறியவர் கோலத்தில் வந்த போதகர்

இந்த மக்களின் நிலையைக் கோவையில் இருந்த இளங்குரு ஒருவர் கேள்வியுற்றார். அவரே புனித யோசப் வாஸ் அடிகளார். 1651ஆம் ஆண்டு பிறந்து, 1676இல் குருத்துவ அருட்பொழிவு பெற்றவர். மேய்ப்பன் இல்லாத மந்தை கடலுக்கு அப்பால் தவிக்கிறது என்ற செய்தி அவரை உறங்கவிடவில்லை. அரசின் ஆதரவோ படைத்துணையோ இன்றி, யோவான் என்னும் பணியாளர் ஒருவரை மட்டும் துணைகொண்டு, 1687ஆம் ஆண்டு தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அவர் குருவின் அங்கியுடன் வரவில்லை. கந்தை உடுத்த வறியவராக, கூலியாள் கோலத்திலேயே வந்தார். வந்தவுடன் வயிற்றோட்டத்தால் வாடி, வழியோரத்தில் சாகும் நிலையில் கிடந்தார். பெண் ஒருத்தி இரங்கிக் கொடுத்த கஞ்சியே அவர் உயிரைக் காத்தது என்று அவரது வரலாறு கூறுகிறது. உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்கச் சென்றார். பிச்சையிட வந்தவர் அந்தச் செபமாலையை நோக்கும் பார்வையில் யார் தம்மவர் என்பதை அறிந்துகொள்ள முயன்றார். நம்பத்தக்க குடும்பம் ஒன்றைக் கண்டபின்னரே தாம் குரு என்பதை வெளிப்படுத்தினார்.

பின்னர் சில்லாலை அவரது பணியின் தளமாயிற்று. பகலில் மறைந்திருந்து, இரவில் திருப்பலி ஒப்புக்கொடுத்து, ஒப்புரவு அருட்சாதனம் வழங்கி, விடியுமுன் இடம் மாறினார். கிறிஸ்து பிறப்பு விழா இரவொன்றில் ஒல்லாந்தர் சுற்றிவளைத்து, கூடியிருந்த கத்தோலிக்கர் பலரைக் கைதுசெய்தனர். அவர்களுட் சிலர் கொடிய தண்டனைக்கு உள்ளாகினர். அடிகளார் மட்டும் பிடிபடவில்லை. அதன்பின் புத்தளம் சென்று, 1692இல் கண்டி இராச்சியத்திற்குள் நுழைந்த அவர், போர்த்துக்கேய உளவாளி என ஐயுறப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். சிறையிலும் அவர் மறைபோதகராகவே வாழ்ந்தார்.

உண்மையான போதனையின் அடையாளம் எது?

வாசகர்களே, இங்கு நாம் சற்று நின்று சிந்திப்போம். ஒரு போதனை உண்மையானது, நம்பத்தக்கது என்று எதைக்கொண்டு அறிகிறோம்? பேச்சின் இனிமையினாலா? கூட்டத்தின் பெருக்கத்தினாலா? ஒலிபெருக்கியின் வலிமையினாலா?

தாம் பெற்றுக்கொண்டதையே பிறருக்கு ஒப்படைத்ததாகக் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் திருமடலின் 15ஆம் அதிகாரத்தில் புனித பவுல் கூறுகிறார். கிறிஸ்து நம் பாவங்களுக்காக இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதே அவர் ஒப்படைத்த செல்வம். ஆகவே போதகர் உரிமையாளர் அல்லர். கடிதத்தைக் கொண்டுவந்து சேர்ப்பவர். தமக்கு விருப்பமில்லாத வரியை அழிக்கவோ, கேட்போருக்கு இனிக்கும் வரியைச் சேர்க்கவோ அவருக்கு அதிகாரமில்லை.

செவிக்கு இனியதை மட்டும் கேட்க விரும்பும் மக்கள், தம் விருப்பத்திற்கேற்ற போதகர்களைச் சேர்த்துக்கொள்ளும் காலம் வரும் எனத் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமடலில் அவர் எச்சரித்திருக்கிறார். நோயெல்லாம் உடனே தீரும், கடனெல்லாம் உடனே அடையும், விசா உடனே கிடைக்கும் என்று வாக்களிக்கும் குரல்களை நாமும் கேட்கிறோம். இறைவன் அற்புதங்கள் செய்ய வல்லவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சிலுவையை மறைத்துவிட்டு அற்புதத்தை மட்டும் காட்டும் போதனை, கிறிஸ்து தராத வாக்குறுதியை அவர் பெயரால் தருகின்றது. அந்த வாக்குறுதி பொய்க்கும் நாளில் உடைவது போதகரின் பெயர் மட்டுமன்று. நம்பி வந்த ஏழையின் நம்பிக்கையும் உடைகின்றது. இதனாலேயே உண்மையான போதனை உயிர்காக்கும் காரியமாகிறது.

மேலும், சொல்லைச் சொன்னவரின் வாழ்வே அதற்குச் சான்றாகும். 1697ஆம் ஆண்டு கண்டியில் வைசூரி பரவியபோது மன்னரும் மக்களும் நகரைவிட்டு அகன்றனர். நோயுற்றோர் கைவிடப்பட்டனர். அவ்வேளையில் யோசப் வாஸ் அடிகளார், தம் உறவினரான யோசப் கர்வாலோ அடிகளாருடன் சேர்ந்து, நோயாளரைத் தேடிச் சென்றார். அவர்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார். எந்தச் சமயத்தவர் என அவர் வினவவில்லை. நிலைவாழ்வு உண்டு என்று நாவினால் உரைத்தவர், மரணத்திற்கு அஞ்சாமையால் அதனை மெய்ப்பித்தார். இக்கால மனிதர் போதகர்களைவிடச் சாட்சிகளுக்கே விருப்புடன் செவிசாய்க்கின்றனர் எனப் பாப்பரசர் ஆறாம் பவுல் 1975ஆம் ஆண்டு நற்செய்தி அறிவிப்புப் பற்றிய தமது மடலில் எழுதியதன் பொருளைக் கண்டி நகரம் முன்னரே கண்டிருந்தது.

மக்களின் மொழியில் மீட்பின் செய்தி

1705ஆம் ஆண்டு இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இப்பணியை வேறொரு வகையில் வளர்த்தார். கோவையில் பிறந்த அவர் தமிழையும் சிங்களத்தையும் ஆழமாகக் கற்று, இரு மொழிகளிலும் நூல்கள் படைத்தார். குருவால் அடிக்கடி செல்ல இயலாத ஊருக்கு நூல் செல்லும். ஊரின் மூப்பரோ அண்ணாவியாரோ அதனை வாசிப்பார். மக்கள் சூழ்ந்திருந்து கேட்பர். அவர் பெயரால் வழங்கும் ‘வியாகுல பிரசங்கம்’ தவக்காலத்தில் நம் பகுதிகளில் உருக்கத்தோடு வாசிக்கப்பட்டு வந்ததை மூத்த தலைமுறையினர் நன்கறிவர்.

ஆண்டவரின் பாடுகளைக் கேட்டுக் கண்ணீர் சிந்திய அம்மக்கள் அத்துயரிலேயே நின்றுவிடவில்லை. பெரிய வெள்ளியின் இருளுக்கு அப்பால் உயிர்ப்பின் விடியல் உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். தம் துன்பத்தை இறைமகன் தாமே சுமந்தார் என்று கேட்டவனுக்கு, தன் துன்பமே கதையின் முடிவன்று என்பது விளங்கும்.

காணாததை எதிர்நோக்குதல்

எதிர்நோக்கு என்பது ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்னும் ஆறுதல் வார்த்தையன்று. கண்முன் காண்பதை எவரும் எதிர்நோக்குவதில்லை என உரோமையர் திருமடலின் 8ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. எபிரேயர் திருமடலோ எதிர்நோக்கை நங்கூரத்திற்கு ஒப்பிடுகிறது. நங்கூரத்தின் பொருளை நம் கரையோர மக்களுக்கு விளக்கவேண்டியதில்லை. அது நீருக்கு அடியில் மறைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அலை அடங்குவதும் இல்லை. ஆயினும் படகு அடித்துச் செல்லப்படாமல் நிற்கும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கரைகளைச் சூறையாடியபோதும், 2019 ஏப்ரல் 21 அன்று உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியின் நடுவே கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தபோதும், பேழைகளின் முன் நின்று பேசவேண்டியிருந்த போதகர் எதைச் சொல்லியிருக்க முடியும்? ‘அழாதீர்கள்’ என்று சொல்வது போதாது. எதிர்நோக்கு இல்லாதவரைப் போலத் துயருறவேண்டாம் என்று மட்டுமே தெசலோனிக்கருக்குப் புனித பவுல் எழுதினார்; அழுகையை அவர் தடைசெய்யவில்லை. இலாசரின் கல்லறையருகே ஆண்டவரும் அழுதார். உயிர்த்தவர் கிறிஸ்து, அவரோடு நம்மவரும் உயிர்ப்பர் என்னும் வாக்கைத் தவிர, பேழையின் முன்னே நிலைத்து நிற்கும் சொல் வேறில்லை.

உங்கள் இல்லத்தின் மறையுரை

பெற்றோரே, போதிக்கும் பொறுப்பைக் குருக்களிடம் மட்டும் விட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிட இயலாது. ‘இன்றைய பிரசங்கம் நீளம்’ என்று ஆலய வாசலிலேயே தீர்ப்பளிக்கிறோம். பாப்பரசர் பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ என்னும் ஊக்கவுரையில், மறையுரையால் மக்களும் துன்புறுவதுண்டு, குருக்களும் துன்புறுவதுண்டு என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, அது சுருக்கமாக அமைதல் வேண்டும் எனவும், இறைவார்த்தை முதலில் போதகரின் உள்ளத்தைத் தொடுதல் வேண்டும் எனவும் அறிவுறுத்தினார். அது குருக்களுக்கான பாடம். நமக்கான பாடமோ விதைப்பவர் உவமையில் இருக்கிறது. விதை ஒன்றே, விளைச்சலோ நிலத்தைப் பொறுத்தது.

சனிக்கிழமை மாலை செபமாலைக்குப் பின் மறுநாளைய நற்செய்தியைப் பிள்ளை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். திருப்பலி முடிந்து வீடு திரும்பியபின், மதிய உணவின்போது, ‘இன்று சுவாமி சொன்னதில் உன் மனதில் நின்றது எது?’ என்று கேளுங்கள். உங்களுக்கும் ஒரு பதில் இருக்கட்டும். மறையுரை ஆற்றும் குருவுக்காக ஒரு ‘அருள்நிறை மரியே’ சொல்லுங்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் பேரப்பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசும் பாட்டனாரும் பாட்டியாரும் நலம் விசாரிப்பதோடு நின்றுவிடாமல், தங்களைத் தாங்கிநின்ற மன்றாட்டு ஒன்றை அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். 1658இன் பின்னர் குரு இல்லாத ஊர்களில் விசுவாசம் அணையாமல் காக்கப்பட்டது இத்தகைய எளிய செயல்களினாலேயே. அடிகளார் செபமாலையை அணிந்து வந்தபோது அதனை அடையாளம் காண ஒருவரும் இல்லாதிருந்தால், அவரது நீண்ட பயணம் என்னவாகியிருக்கும்?

யோசப் வாஸ் அடிகளார் 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைபதம் எய்தினார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்திய பாப்பரசர் பிரான்சிஸ், அன்றே மடு அன்னையின் திருத்தலத்திற்கும் வந்து மன்றாடினார். வாழ்நாள் முழுவதும் செய்யத் தவறியதை மரண வேளையில் எளிதாகச் செய்துவிட இயலாது என்பதே அடிகளார் தம் மரணப் படுக்கையில் சகோதரக் குருக்களுக்கு விட்டுச்சென்ற அறிவுரை. இறுதிவரையும் உண்மையையே உரைத்த போதகரின் வார்த்தை அது.

அந்த அறிவுரையை இன்றே நம் இல்லத்தில் செயற்படுத்துவோம். நமக்கு ஒப்படைக்கப்பட்ட நற்செய்தியைக் குறைக்காமலும் கூட்டாமலும் நம் பிள்ளைகளிடம் ஒப்படைப்போம். தம் வார்த்தையால் நம்மை அழைத்த ஆண்டவர், அந்த வார்த்தை காட்டும் நிலைவாழ்விற்கு நம் குடும்பங்களை இட்டுச்செல்வாராக. ஆமென்.