ஒரு தண்ணீரோடு நிறுத்து!

வாங்க, சத்தம் போடாமல் எட்டிப் பார்ப்போம். ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் சடோஷி சாட்டோ குழு வருடக்கணக்கில் ஆடிய ஆட்டம் இது. மேடை பார்ப்பதற்கு ரொம்பச் சாதாரணம். செங்குத்தாக நிற்கும் ஒரு குழாய், அதைச் சுற்றி மின் உலை. மேலிருந்து ஒரு பம்ப் திரவத்தை மெதுவாகத் தள்ளும். உள்ளே போனதும் அது ஆவியாகி, நைட்ரஜனோடு கீழே இறங்கும். அடியில் ஒரு குளிர்ந்த குப்பி. மணிக்கொரு தரம் அதில் சேர்ந்ததை எடுத்து ஆராய்வார்கள். குழாயின் நடுவில் கொஞ்சமே கொஞ்சம் வெளிர்மஞ்சள் பொடி. கதாநாயகனே அந்தப் பொடிதான்: சீரியம் ஆக்சைடு.

உள்ளே போவது டையால். ஒரே மூலக்கூறில் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் இருந்தால் அது டையால். அதிலிருந்து தண்ணீரைப் பிடுங்குவது பெரிய வித்தையே இல்லை, வலுவான அமிலம் எதுவும் செய்துவிடும். 1,4-பியூட்டேன்டையாலை அமில வினையூக்கியிடம் கொடுங்கள். சட்டென்று வளையமாகச் சுருண்டு டெட்ராஹைட்ரோஃப்யூரான் ஆகிவிடும். அதற்கும் நல்ல சந்தை உண்டு. உங்கள் லெகிங்ஸ் இழுத்த இழுப்புக்கு வருவதற்கே அதுதான் ஆரம்பம். ஆனால் நமக்கு வேண்டியது வேறு. ஒரு தண்ணீர் போக வேண்டும், அந்த இடத்தில் இரட்டைப் பிணைப்பு வர வேண்டும், இன்னொரு ஹைட்ராக்சில் அப்படியே இருக்க வேண்டும். பந்தியில் ஒரே ஒரு ஜாங்கிரியோடு எழுந்து வருகிற மாதிரியான கட்டுப்பாடு!

அந்தக் கட்டுப்பாடு இந்த மஞ்சள் பொடிக்கு இருக்கிறது என்று 2003இல் சாட்டோ குழு அறிவித்தது. 1,3-பியூட்டேன்டையாலை சுமார் 325 டிகிரி செல்சியஸில் சீரியம் ஆக்சைடின் மேல் ஓட்டினால் 3-பியூட்டீன்-2-ஆல், 2-பியூட்டீன்-1-ஆல் என்று இரண்டு ஆல்கஹால்கள் வருகின்றன. 1,3-புரோப்பேன்டையாலைப் போட்டால் அல்லைல் ஆல்கஹால்.

எப்படி? இன்னும் கிட்டே போவோம். பொடியின் படிகப் பரப்பில் அங்கங்கே ஓர் ஆக்சிஜன் அணு விடுபட்டு ஓட்டை விழுந்திருக்கும். ஓட்டையைச் சுற்றி சீரியம் அயனிகள். டையாலின் இரண்டு ஹைட்ராக்சில்களும் அவற்றின் மேல் போய் உட்கார்ந்துகொள்கின்றன. நடுக் கார்பனின் ஹைட்ரஜன் இப்போது ஓட்டைக்கு நேர் எதிரே மாட்டிக்கொள்கிறது. அதைப் பரப்பு உருவியதும் ஒரு பக்கத்து ஹைட்ராக்சில் கழன்றுவிடுகிறது. அவ்வளவுதான், தண்ணீர் ஒன்று அவுட்! மிச்சமிருப்பதில் ஒரே ஒரு ஹைட்ராக்சில். அதே பிடி மறுபடி கிடைப்பதில்லை. ஆய்வாளர்கள் முன்வைக்கும் இந்தப் படத்தை நினைத்தாலே எனக்குக் குஷி. அமிலத்திடம் முரட்டு பலம் மட்டும்தான். இந்தப் பொடி ஆளை உட்காரவைத்துக் காரியத்தை முடிக்கிறது.

இன்னொரு வேடிக்கை. வினையூக்கி என்றால் பரப்பளவு கூடக்கூட நல்லது என்று பாடப்புத்தகம் சொல்லும். இங்கே பொடியை நன்றாகச் சுட்டால் பரப்பளவு குறைகிறது. ஆனால் மிஞ்சும் ஒவ்வொரு சதுர மீட்டரும் முன்னைவிடச் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. படிகம் ஒழுங்காக வளர்ந்து சரியான முகம் வெளியே தெரிவதுதான் காரணம்.

சங்கிலி நீண்டால் கதாநாயகனும் மாறுவான். 1,4-பியூட்டேன்டையாலிலிருந்து 3-பியூட்டீன்-1-ஆல் எடுக்க எர்பியம், இட்டர்பியம் ஆக்சைடுகள் கெட்டிக்காரர்கள். 1,5-பென்டேன்டையாலுக்கும் இட்டர்பியம் கைகொடுக்கிறது. அடுப்பைக் கூட்டினால் மட்டும் வம்பு: 3-பியூட்டீன்-1-ஆல் இரண்டாக உடைந்து புரோப்பிலீனும் ஃபார்மால்டிஹைடும் ஆகிவிடும்.

மறுபடி நம் மஞ்சள் பொடிக்கே வருவோம். அதிலுள்ள சீரியத்தை அரிய மண் உலோகம் என்கிறோம், ஆனால் புவியோட்டில் அது வெள்ளீயத்தைவிட அதிகம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறதே, அதிலுள்ள அரிய மண் உலோகங்களில் முதலிடம் சீரியத்துக்குத்தான்.

இந்த ஆல்கஹால்கள் எதற்கு? மருந்து, வாசனைப் பொருள் போன்ற நுண்வேதிப்பொருள்களுக்கு இடைப்பொருளாகலாம். என் கண் மட்டும் இன்னொன்றின் மேல்தான். 3-பியூட்டீன்-1-ஆலிலிருந்து இரண்டாவது தண்ணீரையும் வேண்டுமென்றே எடுத்தால் பியூட்டடையீன், அதாவது டயர் ரப்பரின் மூலப்பொருள். இன்று அது பெரும்பாலும் பெட்ரோலிய ஆலைகளிலிருந்து வருகிறது. ஆனால் 1,4-பியூட்டேன்டையாலைச் சர்க்கரையிலிருந்து நுண்ணுயிரியே செய்து தரும். அமெரிக்காவின் ஜெனோமாட்டிகா உருவாக்கிய அந்த முறையில் நோவமான்ட் நிறுவனம் 2016இல் இத்தாலியின் பொட்ரிகேயில் ஆலையையே திறந்தது. சர்க்கரையில் தொடங்கி டயரில் முடியும் பாதைக்கு வேதியியல் தயார். மிச்சமிருப்பது விலைக் கணக்கு.

கடைசியாக, ஆல்கஹால் என்ற சொல்லைக் கேட்டு ஆவலோடு இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு: அல்லைல் ஆல்கஹால் கண்ணைக் கரிக்கும் கடும் நஞ்சு. குடிக்கிற சமாச்சாரம் எதுவும் இங்கே இல்லை, கிளம்பலாம்.