உஷார்! கேட்காமல் வரும் யோசனைக்குக் கமிஷன் உண்டு

வெளிநாட்டு டூருக்குப் பணம் கட்டியவர்களும் கட்டப்போகிறவர்களும் பெட்டி கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். அங்கே ஏமாந்து திரும்புகிறவர்கள் விவரம் இல்லாதவர்கள் அல்ல. உத்திரமேரூர் கடைத்தெருவில் காயைக் கையில் எடுத்ததுமே விலை சொல்லிவிடக்கூடியவர்கள். அந்நிய ஊரில் அந்தக் கணக்கு கைகொடுக்காது. எது நியாயமான விலை என்று நமக்குத் தெரியாது. நமக்குத் தெரியாது என்பது எதிரே நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

பாங்காக் அரண்மனை வாசலில் பல ஆண்டுகளாக நடக்கும் நாடகம் இது. நல்ல சட்டை போட்ட ஒருவர் சிரித்தபடி வருவார். "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, பூஜை நடக்கிறது" என்பார். அரண்மனை வழக்கமாகத் தினமும் காலை 8.30க்கே திறந்துவிடும். அவரே ஒரு டுக்-டுக் ஆட்டோவைக் கைகாட்டுவார். ஊரைச் சுற்றிக் காட்ட தாய்லாந்துப் பணத்தில் 20 பாட்தான், கொள்ளை மலிவு! இரண்டு கோயில் பார்த்ததும் வண்டி ஒரு ரத்தினக் கடையில் நிற்கும். "அரசு விற்பனை, இன்றோடு கடைசி. உங்கள் ஊரில் விற்றால் இரட்டிப்பு லாபம்" என்பார்கள். ஓட்டுநருக்குக் கமிஷன், நமக்கு விலைபோகாத கல்.

சிங்கப்பூர் கண்டிப்பான ஊர்தானே என்று அசந்துவிடாதீர்கள். 2014 நவம்பரில் சிம் லிம் ஸ்கொயர் வணிக வளாகக் கடை ஒன்றில், வியட்நாமிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் 950 சிங்கப்பூர் டாலர் கொடுத்து ஐபோன் 6 வாங்கினார். பணம் கைமாறிய பிறகு, வாரண்டிக்கு இன்னும் 1,500 டாலர் கேட்டார்கள். அவர் மண்டியிட்டு அழுதார். கைக்குத் திரும்பியது 400 டாலர்தான். கடைக்காரர் 2015இல் 33 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். சட்டம் வந்து சேர ஒரு வருடம் ஆனது. டூர் போகிறவரிடம் இருப்பதோ நான்கே நாள்.

இந்த வித்தை நமக்குப் புதிதா? திருப்புலிவனத்திலிருந்து பஸ் ஏறினால் காஞ்சிபுரம். அங்கே கோயில் வாசலில் வெளியூர்க்காரரை மடக்கி, "தறியிலிருந்து நேரடி விலை" என்று பட்டுக்கடைக்கு அழைத்துப் போகிற புரோக்கரை நாம் பார்த்ததில்லையா? அந்த வெளியூர்க்காரர் இடத்தில் இப்போது நாம் நிற்கப்போகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே, கேட்காமல் வருகிற யோசனையை ஏற்காதீர்கள். நீங்களாகப் போய்க் கேளுங்கள். நீங்கள் வாங்குவதால் ஒரு காசும் லாபம் இல்லாதவரிடம் கேளுங்கள்: பக்கத்தில் சாப்பிடுகிறவர், பஸ்ஸுக்கு நிற்கிற அம்மா, வேலைக்குப் போயிருக்கிற நம் ஊர்ப்பிள்ளை. மூன்று பேர் சொல்லும் விலை ஒத்துப்போனால் அது ஊர் விலை. போனதும் முதல் வேலையாக, விலை ஒட்டியிருக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்குள் ஒரு சுற்று சுற்றிவாருங்கள். தண்ணீர், பழம், சாக்லேட் விலை பிடிபட்டுவிடும். டாக்ஸியில் மீட்டர் ஓடட்டும்; இல்லையென்றால் கிராப் என்ற டாக்ஸி செயலியில் கட்டணத்தைப் பார்த்த பிறகு ஏறுங்கள். கார்டு தேய்க்கும்போது "இந்திய ரூபாயிலா?" என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய்க்கு மாற்றும் விகிதத்தில் பெரும்பாலும் நமக்கு நஷ்டம். புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். தாய்லாந்து சுற்றுலாப் போலீஸ் எண் 1155. இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே உத்திரமேரூர்ச் சபை, பொன் விஷயத்தைக் கவனிக்கவே பொன் வாரியம் என்று தனிக் குழு வைத்திருந்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. தனி ஆளின் கண்ணை மட்டும் நம்பாமல் ஊரே சேர்ந்து காத்துக்கொண்ட மண் இது. இன்றோ, ஏமாந்து வந்தவர் வெட்கத்தில் வாய் திறப்பதில்லை. அதனால் அடுத்த மாதம் போகிறவரும் அதே வாசலில், அதே சிரிப்பிடம் ஏமாறுகிறார். பட்டவர்களே, தயவுசெய்து சொல்லுங்கள். எந்தத் தெரு, என்ன பேச்சு, எவ்வளவு பணம் என்று டீக்கடையில் உரக்கச் சொல்லுங்கள். உங்கள் பணம் திரும்பாமல் போகலாம். பக்கத்து வீட்டுக்காரர் பணமாவது பிழைக்கட்டும்.