யூஸ்நெட்

யூஸ்நெட் என்பது கணினி வலையமைப்புகளின் வழியாக நடைபெறும் மையமற்ற கலந்துரையாடல் முறைமை ஆகும். இதில் உரையாடல்கள் தலைப்புவாரியாகச் செய்திக்குழுக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முறைமை முழுவதற்கும் உரிமையாளரோ தலைமையகமோ இல்லை. ஆகவே, பொருந்தாத மடல்களை யார், எந்த உரிமையில் தடுப்பது என்பது இதன் நீண்டகாலச் சிக்கலாக இருந்து வந்துள்ளது.

வரலாறு

1979 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோர் இம்முறைமையைத் திட்டமிட்டனர். வட கரோலினா பல்கலைக்கழக மாணவர் ஸ்டீவ் பெல்லோவின் முதல் நிரலை எழுதினார். 1980 இல் இது பிற நிறுவனங்களுக்கும் அறிமுகமானது. தொடக்கத்தில் கணினிகள் தொலைபேசி வழியாக ஒன்றையொன்று அழைத்து மடல்களைப் பரிமாறிக்கொண்டன. 1986 இல் இணையவழிப் பரிமாற்றத்துக்கான என்என்டிபி நெறிமுறை வரையறுக்கப்பட்டது. லினக்ஸ் இயங்குதளம் பற்றிய முதல் அறிவிப்பை 1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு செய்திக்குழுவிலேயே வெளியிட்டார். தமிழ்ப் பண்பாட்டுக்கென சாக்.கல்ச்சர்.தமிழ் என்னும் குழுவும் அமைக்கப்பட்டது.

செயற்படும் முறை

ஒருவர் எழுதும் மடல் முதலில் அவர் பயன்படுத்தும் வழங்கியைச் சேர்கிறது. அது அண்டை வழங்கிகளுக்கும், அவற்றிலிருந்து பிறவற்றுக்கும் படியெடுத்து அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு மடலுக்கும் தனித்த அடையாளக்குறி உண்டு. எனவே, ஒரு வழங்கி அதே மடலை இருமுறை ஏற்பதில்லை. எக்குழுக்களை ஏற்பது, மடல்களை எத்தனை நாட்கள் வைத்திருப்பது என்பவற்றை அந்தந்த வழங்கியின் நிருவாகியே முடிவு செய்கிறார். ஒரு வழங்கியில் அழிக்கப்பட்ட மடல் பிற வழங்கிகளில் தொடர்ந்து இருக்கக்கூடும்.

மட்டுறுத்தல்

மட்டுறுத்தல் பல நிலைகளில் நடைபெறுகிறது.

1. மட்டுறுத்தப்பட்ட குழுக்கள்: மடல் மட்டுறுத்துநருக்கு மின்னஞ்சலாகச் செல்கிறது. அவர் ஒப்புதல் வரியைச் சேர்த்த பின்னரே வெளியாகிறது. இவ்வரியைப் போலியாகவும் எழுத முடியும்.
2. நீக்கல் மடல்: முன்னர் வெளியான மடலை அழிக்குமாறு வழங்கிகளைக் கோருவது. இதுவும் போலியாக அனுப்பப்படலாம் என்பதால், பல வழங்கிகள் இதனை ஏற்பதில்லை.
3. புறக்கணிப்பு: எரிதங்களைக் கட்டுப்படுத்தாத வழங்கியின் மடல்களைப் பிற நிருவாகிகள் ஒன்றிணைந்து மறுப்பது. இது 'யூஸ்நெட் மரண தண்டனை' எனப்பட்டது.
4. விலக்குப் பட்டியல்: பயனர் தாம் படிக்க விரும்பாதவர்களின் மடல்களைத் தமது கணினியில் மட்டும் மறைப்பது.

எரிதமும் அளவுகோலும்

1994 ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த வழக்கறிஞர் இருவர் குடிவரவுச் சேவை விளம்பரம் ஒன்றை ஆயிரக்கணக்கான குழுக்களில் இட்டனர். இத்தகைய எரிதங்களைத் தானியங்கி நிரல்கள் கொண்டு நீக்கும் வழக்கம் பின்னர் பரவியது. பிறர் மடலை நீக்குவது தணிக்கை ஆகாதா என்னும் வினாவும் எழுந்தது. உள்ளடக்கத்தைப் பாராமல், மடல் எத்தனை முறை இடப்பட்டது என்பதை மட்டுமே கருத வேண்டும் என்பது இதற்கு விடையாக உருவான வழக்கு. இதற்குப் பயன்பட்டது பிரைட்பார்ட் குறியீடு. ஒவ்வோர் இடுகையும் சென்ற குழுக்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, அவற்றைக் கூட்டினால் இக்குறியீடு கிடைக்கும். ஒரே இடுகையாக 9 குழுக்களுக்கு அனுப்பினால் குறியீடு 3. தனித்தனியாக 9 முறை இட்டால் 9. பொதுவாக 45 நாட்களுக்குள் 20 ஐ எட்டிய மடல் நீக்கத்தக்கதாகக் கருதப்பட்டது.

பிற்கால நிலை

டியூக் பல்கலைக்கழகம் 2010 இல் தனது யூஸ்நெட் வழங்கியை நிறுத்தியது. கூகுள் குழுமங்கள் 2024 பெப்ரவரியில் புதிய யூஸ்நெட் மடல்களை ஏற்பதை நிறுத்தியது. எனினும், வேறு வழங்கிகள் தொடர்ந்து இயங்குகின்றன. 2016 இல் வெளியான மாஸ்டடான் போன்ற மையமற்ற சமூக வலையமைப்புகளிலும், பிற வழங்கிகளைத் தடுக்கும் முடிவு அந்தந்த வழங்கியின் நிருவாகியிடமே உள்ளது.